வெண்டெல் குச்சேராவின் பின் டேங்க்

எங்கள் மாவட்டத்தின் சரளைச் சாலைகள் அனைத்தையும் தம் பணிக்காலம் முழுவதும் இயந்திரக் கத்தியால் சீவிச் சமன்செய்தவர் வெண்டெல் குச்சேரா. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளிடையே சாலை என்பது காற்றாலும் மழையாலும் மாட்டுக் குளம்பாலும் ஓயாது கரைந்துகொண்டிருக்கும் ஒரு பொருள். அதை வாரந்தோறும் மீண்டும் சாலையாக்குவது அவர் தொழில். எந்த மேட்டில் பனி முதலில் தேங்கும், எந்த மதகு எந்த மாதத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆகவே, வயது எண்பதை நெருங்கும் வேளையில், தந்தையின் மூளை தடுமாறுகிறதோ என்று மகள் மார்லா அஞ்சத் தொடங்கியபோது, அவர் அதை அவமானமாகக் கொள்ளவில்லை. எங்கோ ஒரு கணக்குப் பிழை நேர்ந்திருக்கிறது, கண்டுபிடித்துத் திருத்திவிடலாம் என்றே எண்ணினார்.

பிழை பெட்ரோலில் இருந்தது.

அவருடைய பிக்கப், ஒரு காலத்தில் நீல நிறமாயிருந்த, பின்னால் திறந்த சரக்குத் தொட்டியுள்ள பழைய முக்கால் டன் வண்டி. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றைப் போலவே அதற்கும் இரண்டு டேங்குகள்: ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒன்று, பின் சக்கரத்துக்கு அப்பால் ஒன்று. முகப்புப் பலகையின் நடுவில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால் முன் டேங்க், மறுபக்கம் தள்ளினால் பின் டேங்க். எந்த டேங்கிலிருந்து வண்டி குடிக்கிறதோ அதன் அளவை மட்டுமே முள் காட்டும். மற்றதில் என்ன இருக்கிறது என்பது ஓட்டுபவரின் நினைவைப் பொறுத்தது.

அவர் மனைவி லவோனுக்கு நினைவு தப்பத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்ற குளிர்காலத்தில் அவளைக் கார்டெல் ஊரிலுள்ள பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்தது. கார்டெல், எங்கள் ஊரான ஹாலெக்கிலிருந்து லூப் ஆற்றுப் பாலத்தைக் கடந்து அறுபது மைலுக்கு மேல். வெண்டெல் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போவார். லவோன் மற்றவர் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள்; அவர் கரண்டியை நீட்டினால் திறப்பாள். காரணம் யாருக்கும் தெரியாது. அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்ததாகவும் சொல்ல முடியாது. உண்டு முடிப்பதற்குள் ஒருமுறையேனும், “பாலம் வந்தாச்சா?” என்று கேட்பாள். “இன்னும் இல்லை, லவோன்,” என்பார் அவர். செவிலியர் அதை நோயின் பிதற்றலென்று எடுத்துக்கொண்டனர். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

வசந்தம் தொடங்கியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். கேலனுக்குப் பதினான்கு மைல் கொடுத்துவந்த வண்டி இப்போது பத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. முன்பு கார்டெல் போய்த் திரும்பினால் முன் டேங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எஞ்சும். இப்போது வீட்டு வாசலுக்கு வரும்போது முள் அடிமட்டத்தில் படுத்துக்கிடந்தது. கார்டெலில் பங்க் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராயிருப்பவர் வேறிடத்தில் பெட்ரோல் போடுவது, தம் தேவாலயத்தை விட்டு அடுத்த தேவாலயத்துக்குப் போவதைப் போன்றது. வெண்டெல் இருபது ஆண்டு அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். மேலும், ஒரே பங்கில் போட்டால்தான் மைலேஜ் கணக்கு நேராக வரும் என்பது அவர் கொள்கை.

அப்போது அவர் ஒரு தவறு செய்தார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மார்லாவிடம், “யாரோ என் டேங்கிலேருந்து பெட்ரோலை எடுக்கறாங்கன்னு நினைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டார்.

மார்லா லிங்கன் நகரில் காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை செய்பவள். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவு.

“அப்பா, நம்ம ஊர்ல சாவியை வண்டியிலயே விட்டுட்டுத் தூங்கப் போறவங்க நாம. அங்க யாருப்பா பெட்ரோல் திருடுவா?”

“அதான் எனக்கும் புரியலை.”

“அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கரண்டியைக் காணோம், கம்மலைக் காணோம், யாரோ எடுத்துட்டாங்கன்னு. ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இருந்தது. கரண்டி கடைசியில் மாட்டுத் தீவனப் பீப்பாயில் கிடைத்தது.

“இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது நடந்துச்சுன்னா நான் வந்து சாவியை வாங்கிக்குவேன்பா. கோவிச்சுக்காதீங்க. எதிர்ல வர்றவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.”

கோபித்துக்கொள்ள அவருக்கு இடமில்லை. சாவி போனால் செவ்வாயும் வெள்ளியும் போய்விடும். கரண்டியை நீட்ட அங்கே வேறு ஆளில்லை. ஆகவே, பெட்ரோல் காணாமல் போகிறது என்ற பேச்சை அவர் அன்றோடு விட்டார். காணாமல் போகவில்லையென்றால், வண்டி கூடுதலாகக் குடிக்கிறது என்று பொருள். குடியைக் குறைத்துவிட்டால் மகளிடம் சொல்வதற்கு ஒன்றும் இராது. மைலேஜை மேம்படுத்தும் பணியை அவர் இப்படித்தான் மேற்கொண்டார்.

காலையில் கூட்டுறவுச் சங்கத்தின் காபி மேசையில் நாங்கள் கூடுவோம். அவர் தம் பிரச்சினையை அங்கே வைத்தார். மகள் சொன்னதை மட்டும் வைக்கவில்லை.

“பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டிப் பாரு,” என்றார் டெல்பர்ட் ஹோல்ம். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர்; எதைக் குறித்தும் முடிவான கருத்து உடையவர். “காத்து உள்ள பூந்து கதவுல முட்டுது. வண்டி ஒரு சுவத்தை இழுத்துட்டுப் போற மாதிரி போகுது.”

“திறந்துபோட்டா மைலேஜ் ஏறாது, சாமான்தான் எறங்கும்,” என்றார் ஆர்லன் சோரென்சன். வெண்டெலின் பக்கத்துப் பண்ணைக்காரர் அவர். “உன் புது ரம்பம் எந்த ரோட்டுல கெடக்குன்னு இன்னும் உனக்குத் தெரியாது.”

“ரம்பம் போச்சு. பெட்ரோல் மிச்சமாச்சா இல்லையா?”

“அந்த ரம்பத்தைத் தேடி நீ அலைஞ்ச பெட்ரோல் எந்தக் கணக்குல வருது, டெல்பர்ட்?”

வெண்டெல் இருவர் சொல்லையும் கேட்டார். இரண்டு வாரம் கதவைத் திறந்து ஓட்டினார், இரண்டு வாரம் மூடி ஓட்டினார். எப்படி ஓட்டினாலும் ஒன்பது மைல்தான். பனிக்காலத்தில் பின்சக்கரம் வழுக்காமலிருக்க ஏற்றிய மணல் மூட்டைகள் இன்னும் வண்டியில் கிடந்தன. “ஜூலை மாசம் பனி கொட்டும்னு காத்துட்டிருக்கியா?” என்று ஆர்லன் கேட்ட பிறகு அவற்றை இறக்கினார். டயர்களில் காற்றை ஏற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார், தீப்பொறிப் பிளக்குகளை மாற்றினார். ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் போவதில்லையென்று முடிவுசெய்தார். அதனால் நெடுஞ்சாலையில் அவருக்குப் பின்னால் மாட்டு லாரிகள் ஊர்வலமாக வரத் தொடங்கின. வண்டியோட்டிகள் கடந்து போகும்போது வழக்கமாக ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். அந்தக் கோடையில் அவருக்குச் சிலர் வேறு விரலை உயர்த்தினர். அவர் எல்லாவற்றுக்கும் முறைப்படி பதில் வணக்கம் செய்தார்.

மைலேஜ் மட்டும் ஏறவில்லை. ஒரு வாரம் ஒன்பதரை, மறுவாரம் எட்டே முக்கால். காரணமும் விளைவும் ஒன்றோடொன்று பொருந்தவேயில்லை. எதைச் செய்தாலும் ஒன்றும் மாறாத நிலை, எதையுமே செய்யாத நிலையைவிட அவரை அதிகமாகக் குழப்பியது.

கடைசியாக ஆகஸ்ட் நடுவில் அவருக்கு ஒன்று தோன்றியது. பின் டேங்கில் பெட்ரோல் சும்மா கிடக்கிறது. லவோன் உடன் வந்த நாளில் இரண்டையும் நிரப்புவார்கள். அவள் இல்லத்துக்குப் போனபின் அவர் முன் டேங்கை மட்டுமே பயன்படுத்துகிறார். நிறைந்த டேங்க் ஒன்றின் எடை, இரண்டு மணல் மூட்டைக்கு மேல் வரும். அதை எதற்காகக் கார்டெலுக்குச் சுமந்து போய்ச் சுமந்து வரவேண்டும்? சுவிட்சைப் பின்னால் தள்ளி, தம் பழைய சாலைகளில் ஒரு பிற்பகல் முழுதும் சுற்றினார். வீட்டு வாசலருகே வண்டி இருமியது, துள்ளியது, நின்றது. பின் டேங்க் காலி. சுவிட்சை முன்னால் தள்ளினார்.

ஒரு மாற்றம் உடனே தெரிந்தது. மாதக் கணக்காக வண்டியைச் சுற்றி வீசிய பெட்ரோல் வாடை மறைந்தது. எடை குறைந்ததால் இயந்திரம் சுத்தமாக எரிக்கிறது என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் பங்கில் நிரப்பும்போது முன் டேங்க் முன்னைப் போலவே வாயைப் பிளந்து குடித்தது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வடமேற்கிலிருந்து கடுங்காற்று வீசியது. கார்டெலிலிருந்து திரும்பும்போது, லூப் பாலத்தைக் கடந்து சில மைல் வந்ததும், வண்டி இருமி நின்றது. அவர் ஓரம் கட்டினார். கண்ணாடியை இறக்கிவிட்டு அமர்ந்திருந்தார். நெடுநேரத்துக்குப் பின் ஷெரீப் அலுவலகக் காரொன்று பின்னால் வந்து நின்றது. இறங்கியவள் கிளெண்டா ப்ராட்டின், துணை ஷெரீப். மார்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

“என்ன மிஸ்டர் குச்சேரா, குன்றுகளை எண்ணிட்டு இருக்கீங்களா?”

“பெட்ரோல் தீந்துபோச்சு, கிளெண்டா. எதிர்க்காத்து. கொஞ்சம் கூடுதலாக் குடிச்சிருச்சு.”

“இது ரெண்டு டேங்க் வண்டியாச்சே. இன்னொண்ணுக்கு மாத்தலையா?”

“அது காலி.”

“மாத்திப் பாத்தீங்களா?”

“காலி டேங்குல பம்பை ஓட்டினா பம்பு புகைஞ்சிரும். அதைக் காலி பண்ணினதே நான்தான். போன மாசம்.”

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. உலர்ந்த டேங்கில் பம்பை ஓட்டக் கூடாது என்பது உண்மை. அவர் அதைக் காலி செய்ததும் உண்மை. கிளெண்டா அவற்றோடு வாதிடவில்லை. சன்னல் வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, சுவிட்சைப் பின்னால் தள்ளினாள். முள் எழுந்தது. பாதியைத் தாண்டியது. முழு அளவைக் காட்டும் கோட்டில் போய் நின்றது.

இருவரும் அதைப் பார்த்தனர்.

“காலின்னு சொன்னீங்க.”

“காலிதான்,” என்றார் வெண்டெல், முள்ளைப் பார்த்துக்கொண்டே.

கிளெண்டா கிண்டல் செய்திருந்தால் நல்லதாயிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கிண்டல் செய்யும் வரை அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். அவளோ மிகவும் மென்மையாக, “சரி, மெதுவாப் போங்க, நான் பின்னாலயே வரேன்,” என்றாள். வீடு வரை அப்படியே வந்தாள். அன்று மாலை மார்லாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“அடுத்த சனிக்கிழமை வரேன்பா.”

“எதுக்கும்மா?”

“சும்மாதான்.”

சும்மா ஐந்து மணி நேரம் யாரும் வண்டி ஓட்டமாட்டார்கள். அவருக்கு ஒரு வாரம் இருந்தது. பெட்ரோல் தானாக ஊறாது; யாரோ ஊற்றியிருக்க வேண்டும். யார்? அவர் முறையாக யோசித்தார். எங்கள் ஊரில் அவசரத்துக்கு அண்டை வீட்டு வண்டியைக் கேட்காமல் எடுத்துப்போவது வழக்கம். சாவி அதில்தான் இருக்கும். ஆனால் எடுத்தவர், இருந்ததற்கு மேல் பெட்ரோல் நிரப்பித் திருப்ப வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை; மீறியவர் பெயர் மட்டும் நெடுநாள் நினைவிருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் கன்று வண்டியை இழுக்க ஆர்லன் இந்தப் பிக்கப்பை எடுத்துப்போயிருந்தார். விஷயம் தெளிவாகிவிட்டது. திருச்சபைப் பெண்கள் விற்ற கொலாச்சி என்னும் இனிப்பு ரொட்டிகளை, பாதாமிப் பழம் வைத்ததும் கசகசா வைத்ததுமாக, லவோனின் கண்ணாடித் தட்டில் அடுக்கிக்கொண்டு அவர் ஆர்லன் வீட்டுக்குப் போனார்.

“நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எதுக்குய்யா?”

“பின் டேங்கை நிரப்பி வச்சதுக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிருக்கலாம் நீ. என்னைப் பத்தி நானே ஏதேதோ நினைக்க ஆரம்பிச்சுட்டேன். பரவாயில்லை, விடு.”

ஆர்லன் தட்டைப் பார்த்தார். வெண்டெலைப் பார்த்தார். உண்மையில் அவர் வண்டியைத் திருப்பிவிட்ட அன்று ஒரு துளியும் நிரப்பவில்லை. கன்றொன்று காலை ஒடித்துக்கொண்ட பதற்றத்தில் மறந்துபோனார்; பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே நாட்களைத் தள்ளினார். ‘நான் நிரப்பவில்லை’ என்று இப்போது சொன்னால், வழக்கத்தை மீறியதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். “கசகசா வச்சதா? எங்க வீட்ல சண்டை போட்டுக்குவாங்க,” என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார்.

வெண்டெல் இலேசான மனத்தோடு திரும்பினார். கணக்கு நேரானது என்றாலும் ஒருமுறை சரிபார்ப்பது அவர் வழக்கம். மறுபடியும் பின் டேங்கில் ஓடி அதைக் காலி செய்து, இருமலைக் கேட்டு, முன்னால் மாற்றி, வண்டியை முற்றத்தில் நிறுத்தினார். மறுநாள் முழுதும் அதை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை புறப்படுமுன் சாவியைத் திருப்பி, சும்மா ஒருமுறை சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார்.

முழு டேங்க்.

வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. டயர்த் தடத்தில் பனித்துளி கூடக் கலையவில்லை. அவர் இறங்கிப் படியிலேயே அமர்ந்துவிட்டார். யாரிடமும் போய் நன்றி சொல்ல இனி ஆளில்லை. எஞ்சியிருப்பது ஒரே விடைதான்: நிரப்புவது அவர். நிரப்பிவிட்டு மறப்பதும் அவர். லவோன் கரண்டியைத் தீவனப் பீப்பாயில் வைத்தது அவளுக்குத் தெரிந்தா இருந்தது?

அன்று கார்டெலில் உருளைக்கிழங்கு மசியலை ஊட்டும்போது லவோன் கேட்டாள். “பாலம் வந்தாச்சா?”

“இன்னும் இல்லை,” என்றார். பிறகு, “எனக்கும் இங்கயே ஒரு அறை கேக்கணும் போலிருக்கு, லவோன்,” என்றார். அவள் அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்தாள்.

சனிக்கிழமை மார்லா வந்தபோது பிக்கப்பின் சாவி சமையலறை மேசையில் இருந்தது. அந்த வண்டி வாங்கிய நாள் முதலாக அது மேசையில் இருந்ததில்லை. மார்லா கோட்டைக் கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தபடி நின்றாள். கேட்டு வாங்குவதற்காக வழியெல்லாம் சொற்களைத் தயார்செய்து வந்தவள் அவள்.

“எடுத்துக்கோ. நீ சொன்னது சரி. நான் செய்யறது எனக்கே தெரியலை.”

“அப்பா...”

“செவ்வாய்க்கிழமை யாராவது போகணும். கரண்டியை இடது பக்கமா நீட்டினாத்தான் வாங்குவா. அதை அங்க சொல்லிரு.”

அவள் பதில் சொல்லுமுன் கதவு தட்டப்பட்டது. ஆர்லன், கண்ணாடித் தட்டோடு. வாங்கிய தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்பதால் அதில் தக்காளிகளை நிரப்பியிருந்தார்.

“அட மார்லா, எப்ப வந்தே? வெண்டெல், தட்டு... அப்புறம் ஒரு விஷயம்.” அவர் தொப்பியைக் கழற்றினார். “அந்தக் கொலாச்சி எனக்குச் செரிக்கலை.”

“கெட்டுப்போச்சா?”

“கெட்டது நான்தான்யா. நீ வந்து நன்றி சொன்னியே, நான் அன்னிக்கு ஒண்ணுமே நிரப்பலை. தின்னுட்டேன், அப்புறம் எப்படிச் சொல்றது? அதனால வியாழக்கிழமை நீ சாப்பிட்டுத் தூங்கறப்ப, என் பண்ணைப் பீப்பாயிலேருந்து கொண்டுவந்து பின் டேங்கை நிரப்பிட்டேன். இப்ப நீ சொன்னது உண்மை ஆயிருச்சு. ஆனாலும் மனசு கேக்கலை.”

வெண்டெல் குறுக்கிட்டார். “வியாழக்கிழமை நீயா?”

“நான்தான்.”

“நான் இல்லையா?”

“நீ வாயைப் பிளந்து குறட்டை விட்டுட்டிருந்தே. சன்னல் வழியாக் கேட்டுச்சு.”

மார்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி, வியாழக்கிழமை இவர் நிரப்பினார். அதுக்கு முன்னால? ரோட்டுல நின்ன அன்னிக்கு? அதை யார் நிரப்பினது?”

ஆர்லனின் நேர்மை பாதிக் குழப்பத்தைத்தான் தீர்த்தது. மீதிப் பாதி முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

தமக்குச் சேராத பெட்ரோலை வைத்துக்கொள்ள வெண்டெல் ஒப்பவில்லை. “அதான் கொலாச்சிக்கு ஈடாச்சே,” என்று ஆர்லன் மன்றாடியும் பயனில்லை. அன்று பிற்பகலே குழாய் போட்டுப் பின் டேங்கிலிருந்ததை ஆர்லனின் பீப்பாய்க்கே திருப்பினார்கள். அடியில் எஞ்சியதை மூவருமாய் வண்டியில் ஏறி ஓட்டித் தீர்த்தார்கள். இருமியது, துள்ளியது, நின்றது. மார்லாவும் கேட்டாள். சுவிட்சை முன்னால் தள்ளிவிட்டு, “நாளைக்கு அம்மாவைப் பாக்க நான் ஓட்டறேன்,” என்றாள். சாவியை அவள் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை அவள் கண்முன்னே கூட்டுறவு பங்கில் முன் டேங்க் கழுத்து வரை நிரம்பியது. வெண்டெல் தம் வண்டியில் வலப்பக்கம் அமர்ந்தது அதுவே முதல்முறை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்திருந்தார்.

கார்டெலில் அவர் ஊட்டுவதை மார்லா சுவரோரம் நின்று பார்த்தாள். இடப்பக்கமாக நீட்டிய கரண்டிக்கு அம்மாவின் வாய் திறப்பதைப் பார்த்தாள். தானும் ஒருமுறை முயன்றாள். வாய் இறுக மூடிக்கொண்டது. பிறகு லவோன் மகளை நிமிர்ந்து பார்த்து, அறிமுகமில்லாதவரிடம் வழி கேட்கும் மரியாதையோடு, “பாலம் வந்தாச்சா?” என்றாள்.

“எந்தப் பாலம்மா?”

“சும்மா கேப்பா. விடு,” என்றார் வெண்டெல்.

திரும்பும் வழியில் மாலை வெயில் குன்றுகளின் ஒரு பக்கத்தை மட்டும் மஞ்சளாக்கியிருந்தது. லூப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தெரிந்தன. சக்கரம் பாலப் பலகைமேல் ஏறியதும் மார்லாவின் வலக்கை, அவள் எண்ணாமலே, முகப்புப் பலகையின் நடுவுக்குப் போய்ச் சுவிட்சைப் பின்னால் தள்ளியது.

“என்ன பண்றே? பம்பு போயிரும்!” என்று கத்தினார் வெண்டெல்.

“தெரியலைப்பா, கை தானாப் போயிருச்சு...” அவள் சட்டென்று நிறுத்தினாள். முள் மேலே எழுந்துகொண்டிருந்தது. கால் டேங்கில் போய் நின்றது. வண்டி இருமவில்லை; ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்தைக் கடந்ததும் ஓரம் கட்டினாள். இருவரும் முள்ளையே பார்த்தனர்.

“இது காலிதானேப்பா?”

“நேத்து நீயே கேட்டியே.”

“கேட்டேன்.” அவள் குனிந்து முள்ளை நகத்தால் தட்டினாள். அது அசையவில்லை. “காலிதான்,” என்றாள் மார்லா.

வெண்டெல் மகளின் முகத்தைப் பார்த்தார். பல மாதங்களாகத் தம் முகத்தில் இருந்த குழப்பம் இப்போது அவள் முகத்தில், எள்ளளவும் குறையாமல் இருந்தது. அவருக்கு மூச்சு எளிதாக வந்தது.

“நீ எதுக்கு அதைத் தள்ளினே?”

“அம்மா செய்வாளே. சின்ன வயசுல நடுவுல உக்காந்திருப்பேன். பாலம் வந்ததும், ‘பாலம் வந்தாச்சு’ம்பா, என் தலைக்கு மேல கையை நீட்டி டக்குன்னு மாத்துவா. போறப்பவும் வர்றப்பவும்.”

“அவ எப்பவும் அதை நோண்டிட்டே இருப்பா,” என்றார் வெண்டெல். “ரெண்டு டேங்கும் சமமா இருக்கணும்னு. எனக்கு அது ஒரு...”

பாலத்தோரம் நின்றே இருவரும் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்தது இதுதான். இயந்திரத்துக்குப் போகும் பெட்ரோல் முழுதும் எரிவதில்லை. எஞ்சியது வந்த டேங்குக்கே திரும்ப வேண்டும். அந்த வண்டியில் அதைப் பிரித்துவிடும் வால்வு எப்போதோ பின்பக்கமே சிக்கிக்கொண்டது. முன் டேங்கில் ஓடும்போதெல்லாம் எஞ்சியது பின் டேங்குக்குப் போய்ச்சேரும். லவோன் இருந்தவரை பாலத்தில் சுவிட்ச் மாறும். பின்னால் போனது பின்னாலேயே செலவாகிவிடும். பிழை வெளியே தெரியவில்லை. அவள் இருக்கை காலியான பிறகு சுவிட்சைத் தொட ஆளில்லை. நிறைந்த பின் டேங்க் வழிந்து கோடை முழுதும் சாலைக்குக் குடிக்கக் கொடுத்தது; வாடை அதனுடையது. அவர் அதைக் காலி செய்த பிறகு வழிவது நின்றது, ஊறுவது நிற்கவில்லை.

மாலை ஊர் திரும்பியபின் மார்லா முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கும்போது சாவியை எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள்.

“சாவி உள்ள இருக்கு,” என்றார் வெண்டெல்.

“எங்க இருக்கணுமோ அங்கதானே இருக்கு,” என்றாள் அவள், திரும்பாமல். “வால்வை மட்டும் மாத்திடுங்கப்பா.”

மறுநாள் காபி மேசையில் அவர் முழுதும் சொன்னார், சாவியைப் பற்றி மகள் விதித்த நிபந்தனை உட்பட. கேட்டு முடித்ததும் அனைவரும் அது வால்வாகத்தான் இருக்கும் என்று தாங்கள் முதலிலேயே நினைத்ததாகச் சொன்னோம்.

“அது கெடக்கட்டும்,” என்றார் டெல்பர்ட். “இப்ப எவ்வளவு கொடுக்குது?”

“ரெண்டு டேங்கையும் சேத்துக் கணக்குப் போட்டா பதினஞ்சரை.”

“முன்ன பதினாலுதானே?”

“பதினாலு.”

“அப்ப ஒண்ணரை மைல் ஏறியிருக்கு. எதனால? கதவு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?”

வெண்டெல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மணல் மூட்டையா, காற்றா, பிளக்குகளா, ஐம்பது மைல் வேகமா? எல்லாவற்றையும் ஒருசேரச் செய்து, எல்லாவற்றையும் தவறான டேங்கில் அளந்திருந்தார். “தெரியலை,” என்றார். டெல்பர்டும் ஆர்லனும் கதவைப் பற்றிய வாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர்.

வால்வை அவர் இன்றுவரை மாற்றவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பாலத்தில் சுவிட்சைத் தள்ளுகிறார். லவோன் தன் கேள்வியைக் கேட்கும்போது, “வந்தாச்சு, மாத்திட்டேன்,” என்கிறார். அவள் தலையசைத்துவிட்டு, இடப்பக்கமாக வரும் கரண்டிக்கு வாயைத் திறக்கிறாள்.